மூப்பும் மறதியும்



நம் வீட்டு முதியவர் ஒருவர் தெரிந்தவர் ஒருவரின் பெயரை மறந்து தடுமாறினால், ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். சற்றுமுன் உண்டதை மறந்து, மீண்டும் இலை போடச் சொன்னாலும் ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாலும் அதே சொல்லைத்தான் சொல்லுகிறோம். மூன்று வினாக்களுக்கும் ஒரே விடையை எழுதும் மாணவனை ஆசிரியர் ஐயுறுவார். ஆயின் இந்த ஒரே விடையை உலகம் நெடுங்காலம் ஐயுறவில்லை. யாழ்ப்பாணத்தார் இந்நிலையை ‘அறளை பெயர்தல்’ என்பர். பெயர் இருந்தது, நோய் என்ற எண்ணம்தான் இல்லாதிருந்தது.

இந்த ‘வயதாகிவிட்டது’ என்னும் தீர்ப்பை மறுத்தவர்களின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவர்கள் இந்நோயை டிமென்ஷியா என்பர். தமிழில் மறதிநோய் என்கிறோம். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். மூப்பினால் மூளை மெல்ல மாறுகிறது என்பது உண்மை. நினைவுக்குக் கொண்டுவரும் வேகம் குறைகிறது. புதியதைக் கற்க நேரம் பிடிக்கிறது. மறந்த பெயர் மாலையில் தானே நினைவுக்கு வரும். இது மூப்பு. மறந்தோம் என்பதையே மறத்தல், கேட்ட வினாவையே திரும்பத் திரும்பக் கேட்டல், நெடுநாள் செய்துவந்த சமையலிலும் கணக்கிலும் கைகுழம்புதல், பழகிய இடத்தில் திசை தவறுதல்—இவை மூப்பல்ல. சாவியை வைத்த இடம் மறப்பது எவர்க்கும் நேர்வது. சாவி எதற்கென்பதே மறப்பது நோயின் அடையாளம்.

இவ்வேறுபாட்டுக்கு அறிவியல் வடிவம் கொடுக்கும் முயற்சி ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் தொடங்கியது எனலாம். 1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், அவுகுஸ்தே டெட்டர் என்னும் 51 வயது அம்மையார் அங்கே சேர்க்கப்பட்டார். அவரைச் சோதித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமருக்கு அப்போது வயது 37. அவர் நோயாளியின் எதிரே அமர்ந்து வினாக்கள் கேட்டார்; வந்த விடைகளை வந்தவாறே எழுதிக்கொண்டார். பெயர் என்ன என்றார். அவுகுஸ்தே என்று விடை வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டபோதும் அதே விடை. கணவர் பெயரைக் கேட்டபோதும் அதே விடைதான், சிறிது ஐயத்தோடு வந்தது. காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டார். கீரை என்றார் அம்மையார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகவும் அவர் கூறியது அக்குறிப்புகளில் உள்ளது.

அக்குறிப்பேடு பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 1995ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் மருத்துவமனை ஆவணங்களிடையே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதனால்தான் அன்று நடந்த உரையாடலை நாம் இன்று அறிகிறோம். நோயாளியின் சொல்லைத் திருத்தாமலும் சுருக்காமலும் எழுதிவைப்பது எளிய செயலாகத் தோன்றும். இந்நோயின் ஆராய்ச்சிக்கு அடிப்படையானது அச்செயலேயாகும்.

அல்சைமர் பின்னர் மியூனிக் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற பேராசிரியர் எமில் கிரேப்பலினிடம் பணியாற்றினார். எனினும் பிராங்க்பர்ட்டில் விட்டுவந்த நோயாளியை அவர் மறக்கவில்லை. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அம்மையார் இறந்தபோது, அவருடைய மூளையும் மருத்துவக் குறிப்புகளும் மியூனிக்குக்கு அனுப்பப்பெற்றன. நரம்பிழைகளை வெள்ளி உப்பினால் கறுப்பாகத் துலங்கச் செய்யும் முறையை மேக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டிருந்தார். அம்முறையில் சாயமேற்றிய மெல்லிய துண்டுகளை அல்சைமர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. உயிரணுக்கள் பலவற்றினுள் இழைகள் முறுக்கிக்கொண்டு சிக்கலாகக் கிடந்தன. அணுக்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. இழைச் சிக்கல் ஒன்று, படிவு மற்றொன்று. இவ்விரண்டுமே இன்றுவரை அல்சைமர் நோயின் முத்திரைகளாகக் கொள்ளப்படுகின்றன.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், டியூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர் மாநாட்டில் அல்சைமர் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். கேட்டவர்களில் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை! 1907இல் அவ்வுரை அச்சில் வந்தது. அதே 1907இல், பிராக் நகரத்து மருத்துவர் ஆஸ்கர் ஃபிஷர் மறதிநோயுற்ற முதியவர்கள் 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 12 பேரிடத்தில் அப்படிவுகளைக் கண்டு வெளியிட்டார். அல்சைமர் கண்டது ஐம்பது வயதினரிடம். ஃபிஷர் கண்டது முதியவரிடம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கலாம். ஃபிஷர் யூதர்; 1942இல் நாஜிகளின் சிறையில் உயிர்நீத்தார். அவருடைய பெயரும் ஆராய்ச்சியும் நெடுங்காலம் மறைந்து கிடந்தன.

1910ஆம் ஆண்டில் கிரேப்பலின் தம்முடைய பாடநூலின் புதிய பதிப்பில் ‘அல்சைமர் நோய்’ என்னும் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தது நன்மையே. ஆயின் அப்பெயரோடு ஒரு வேலியும் எழுந்தது. முதுமைக்கு முன்னரே வரும் அரிய நோய்க்கே அப்பெயர் என்று மருத்துவ உலகம் வழங்கலாயிற்று. அறுபத்தைந்து வயதுக்குமேல் அதே அறிகுறிகள் தோன்றினால் அது ‘முதுமை மறதி’, இரத்தக் குழாய்கள் தடித்து மூளைக்குக் குருதி குறைந்ததன் விளைவு, வயதின் இயல்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை! ‘வயதாகிவிட்டது’ என்ற பழைய தீர்ப்பு பாடநூலின் வழியாகவே மீண்டும் உள்ளே வந்துவிட்டது. அல்சைமர் 1915இல் தமது 51ஆம் வயதில் இறந்தார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அந்த வேலி அசையவில்லை.

அதை அசைத்தவர்கள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து மருத்துவர்கள் கேரி பிளெஸ்ட், பெர்னார்ட் டாம்லின்சன், மார்ட்டின் ராத் ஆகிய மூவர். அவர்கள் முதியவர்களை உயிரோடிருக்கும்போதே சோதித்தனர். வீட்டு வேலை செய்ய முடிகிறதா, சிறு தொகையைக் கையாள முடிகிறதா, பழகிய தெருவில் வழி தெரிகிறதா என்று உறவினரைக் கேட்டு மதிப்பெண் இட்டனர். அம்முதியவர்கள் இறந்தபின் மூளையிலுள்ள படிவுகளை நுண்ணோக்கியில் எண்ணினர். இரு கணக்குகளையும் ஒப்பிட்டபோது, படிவுகள் மிகுந்திருந்தவரிடம் மறதியும் மிகுந்திருந்ததைக் கண்டு 1968இல் வெளியிட்டனர். வயது முதிர்ந்தோர் மூளையிலும் அல்சைமர் கண்ட அதே மாற்றங்கள்தாம் இருந்தன.

1976ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறு தலையங்கம் எழுதினார். அறுபத்தைந்துக்கு முன், பின் என்ற பிரிவுக்கு ஆதாரமில்லை என்றும், இரண்டும் ஒரே நோய் என்றும், அவ்வாறு கொண்டால் அந்நாட்டில் இறப்புக்குரிய காரணங்களில் இந்நோய் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ நிற்கும் என்றும் அவர் வாதிட்டார். அரிய நோய் என்று கருதப்பட்டது ஒரே கருத்து மாற்றத்தால் பெருநோயாகிவிட்டது. நோயாளிகள் புதிதாகத் தோன்றவில்லை. அதற்கு முன்னும் அவர்கள் வீடுகளில் இருந்தார்கள். அவர்களை எண்ணுவார்தாம் இல்லை.

அதன் பின்னர் ஆராய்ச்சி விரைந்தது. 1984இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் படிவுகளோடு தொடர்புடைய புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது பீட்டா அமிலாய்டு எனப்படுகிறது. உயிரணுவுக்குள் சிக்கலாகும் இழை டாவ் என்னும் மற்றொரு புரதத்தால் ஆனது என்பதும் தெளிவாயிற்று. 1991இல் ஹைகோ பிராக், ஈவா பிராக் என்னும் ஜெர்மானிய இணையர், இழைச் சிக்கல்கள் மூளையில் ஓர் ஒழுங்கில் பரவுகின்றன என்று காட்டினர். அவை முதலில் தோன்றுமிடம், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஒட்டியது. காலையில் வந்துபோன விருந்தினரை மறந்துவிட்ட பாட்டி, தம் திருமணத்தன்று பெய்த மழையை விரித்துச் சொல்வதன் காரணம் இதுதான். பழைய நினைவு நெடுநாள் முன்பே ஊன்றிவிட்டது. புதியதை ஊன்றும் கருவிதான் முதலில் பழுதாகிறது.

நோய் இன்னதென்று தெரிந்தது. அதை உயிரோடிருப்பவரிடம் கண்டுபிடிப்பது எப்படி? 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹியூவும் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வை அமைத்தனர். இன்று என்ன நாள், இது எந்த இடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லவும், ஒரு வாக்கியம் எழுதவும், ஒரு படத்தைப் பார்த்து வரையவும் என்று வினாக்கள் அமைந்தன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இத்தேர்வு உலகெங்கும் பரவியது.

வினாத்தாள் அமைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இத்தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பதே ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் பாடம். பள்ளிக்கே செல்லாத ஒரு மூதாட்டியிடம் வாக்கியம் எழுதச் சொன்னால், அங்கே அளக்கப்படுவது அவருடைய நினைவாற்றலா, அவருக்கு மறுக்கப்பட்ட கல்வியா? நல்ல நினைவோடு வயலையும் வீட்டையும் ஆள்பவர் இத்தேர்வில் தோற்பார். நன்கு படித்த ஒருவர் நோய் தொடங்கிய பின்னும் தேறிவிடுவார். இக்குறையை உணர்ந்தவர்கள் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர்ப் பகுதியில், எழுத்தறியாதவர்களும் விடையளிக்கக்கூடிய இந்தித் தேர்வொன்றை உருவாக்கி 1995இல் வெளியிட்டனர்.

1998இல் தோன்றிய ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்குப் ‘பத்து-அறுபத்தாறு’ என்று பெயர். மறதிநோயாளரில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு தன் கணக்கெடுப்புக்குத் தேர்ந்த இடங்களில் நம் சென்னையும் வேலூர் வட்டாரக் கிராமங்களும் அடங்கும். 2008இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைப்பது. அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் வரையறைப்படி கணக்கிட்டபோது, அக்கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே மறதிநோய் 0.3 விழுக்காடே! கல்வியையும் பண்பாட்டையும் கருத்திற்கொண்டு அமைத்த குழுவின் சொந்த முறைப்படி பார்த்தபோது அது பல மடங்கு மிகுந்திருந்தது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? நோயால் அன்றாட வாழ்வு தடைப்படுகிறது என்று வீட்டார் சொன்னாலன்றி, அவ்வரையறை நோயை ஏற்காது. நம் கிராமத்து வீட்டாரோ அப்படிச் சொல்லத் தயங்குவர். தாத்தாவைக் கடைக்கு அனுப்புவதில்லை. பாட்டியைக் கணக்குக் கேட்பதில்லை. வேண்டியவற்றை மருமகளும் பேரனும் செய்துவிடுகின்றனர். குறை வெளிப்படவே வாய்ப்பில்லை. வெளிப்பட்டாலும் அது வயது என்றே கொள்ளப்படும். நம் குடும்பத்தின் அன்பே நோய்க்குத் திரையாகிவிடுகிறது. அந்த அன்பை நான் குறை கூறவில்லை. அன்போடு கவனிப்பும் சேர வேண்டும் என்கிறேன். 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

மாணவர்களாகிய உங்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986இல் கிறித்தவக் கன்னியர்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 கன்னியர்கள் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் பலர் மடத்தில் சேர்ந்த இளமையில், ஏறத்தாழ 22 வயதில், தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரைகள் மடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 93 பேரின் கட்டுரைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. இளமையில் கருத்துச் செறிவு குன்றிய நடையில் எழுதியவர்களிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பின் மறதி மிகுதியாகக் காணப்பட்டது. இதைக் கொண்டு ‘கட்டுரை எழுதினால் நோய் வராது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. அதே ஆய்வில் நூற்றொரு வயதுவரை வாழ்ந்த ஒரு கன்னியர், மூளையில் படிவும் சிக்கலும் நிறைந்திருந்தும், இறுதிவரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கற்று நிறைந்த மூளைக்கு ஏதோ ஒரு சேமிப்பு இருக்கிறது, அது இழப்பைச் சிறிது காலம் தாங்குகிறது என்று அறிஞர் கருதுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஒரு பெருங்குறை நீடித்தது. மருத்துவர் நோயை ஊகிக்கலாம்; உறுதி செய்வது இறப்புக்குப் பின்தான். விடைத்தாள் எழுதியவர் மறைந்த பின்பே மதிப்பெண் தெரிந்தது. 2004இல் அந்நிலை மாறியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், சுவீடனின் உப்சாலா ஆகிய நகரங்களின் அறிஞர்கள், அமிலாய்டு படிவில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளொன்றைச் செலுத்தி, பெட் கருவியின் உதவியால் உயிரோடிருப்பவர் மூளையிலேயே அப்படிவைப் படம் பிடித்துக் காட்டினர்.

பின்னும் ஒரு படி. பரம்பரைக் காரணத்தால் இந்நோய் உறுதியாக வரக்கூடிய சில குடும்பங்கள் உலகில் உள்ளன. பெற்றோருக்கு நோய் தொடங்கிய வயதைக் கொண்டு, பிள்ளைகளுக்கு அது எப்போது தொடங்கும் என்று அக்குடும்பங்களில் கணிக்கலாம். அத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த 128 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, மருத்துவர் எண்ணத்தையே மாற்றியது. நோய் வெளிப்படுமென்று கணித்த காலத்துக்கு 25 ஆண்டுகள் முன்பே முதுகுத்தண்டு நீரில் அமிலாய்டின் அளவு மாறத் தொடங்குகிறது. 15 ஆண்டுகள் முன்பு மூளையில் படிவு தெரிகிறது. நினைவாற்றல் குறைவது தேர்வில் புலப்படுவதோ ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்புதான். ஓலைக்கூரையில் மழைநீர் சொட்டும்போதுதான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். ஓலை இற்றுப்போகத் தொடங்கியதோ பல நாள் முன்பு.

இப்போது இரத்தச் சோதனையும் வந்துவிட்டது. டாவ் புரதத்தின் ஒரு வடிவத்தை அமிலாய்டுடன் ஒப்பிட்டு அளக்கும் சோதனைக்கு 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு இசைவளித்தது. இது நலமாயிருக்கும் எல்லார்க்கும் உரியதன்று; 55 வயது நிறைந்து, அறிகுறியும் தோன்றியவர்க்கே உரியது. படிவை அகற்றும் மருந்துகளில் லெக்கனிமாப் 2023இலும் டொனனிமாப் 2024இலும் அந்நாட்டில் முழு இசைவு பெற்றன. இவை நோயைத் தீர்ப்பவை அல்ல. பதினெட்டு மாத ஆய்வில் லெக்கனிமாப் நோயின் போக்கை 27 விழுக்காடு மெதுவாக்கியது. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படுவதும் உண்டு. தொடக்க நிலையில் மட்டுமே இவை பயன்படும்.

இங்கே உங்களில் ஒருவர் எழுந்து, ‘ஐயா, தீர்க்க முடியாத நோயை முன்கூட்டியே அறிந்து என்ன பயன்? அறியாதிருப்பதே அமைதியல்லவா?’ என்று கேட்கலாம். மிக நேர்மையான வினா. என் விடை இதுதான். மறதியெல்லாம் அல்சைமர் நோயாகிவிடாது. தைராய்டு குறைவாலும், பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும், மனச்சோர்வாலும், உட்கொள்ளும் சில மருந்துகளாலும் மறதி வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவற்றை வயதென்று விட்டுவிடுதல் பெருந்தீங்கு. நோய் அல்சைமர்தான் என்று தெரிந்தாலும், அறிவு தெளிவாயிருக்கும்போதே தம் உடைமை பற்றியும், தம்மை எவ்வாறு பேண வேண்டும் என்பது பற்றியும், சொல்ல விரும்பியதைத் தம் வாயாலேயே சொல்ல அவருக்குக் காலம் கிடைக்கும். அவர் சினந்தாலும் ஐயுற்றாலும் அது நோயின் செயல் என்று வீட்டார் உணர்வர், திட்டுதல் குறையும். அறிய விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அறிதல் அவரது உரிமை. அறியாதிருத்தலும் அவரது உரிமையே.

தடுப்பதற்கும் ஓரளவு வழி உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களை 2024இல் பட்டியலிட்டது. அவை அனைத்தும் நீங்கினால் உலகில் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் மதிப்பீடு. அப்பட்டியலில் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது கேளாமை, பார்வைக் குறை, தனிமை ஆகியன உள்ளன. இளமையில் கல்வி கிடைக்காமையும் அதில் ஒன்று. ஒரு பெண் குழந்தையை எட்டாம் வகுப்போடு நிறுத்தாமல் மேலே படிக்கவைப்பது, அவள் எண்பது வயதில் தன் பேரனைப் பெயர் சொல்லி அழைப்பதற்கும் துணையாகலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வரலாற்றில் வெள்ளி உப்பும் நுண்ணோக்கியும் கதிரியக்கப் பொருளும் இரத்தச் சோதனையும் வந்தன. ஆயினும் ஒவ்வொரு படியிலும் முதலில் நிகழ்ந்தது ஒன்றே: எல்லாரும் இயல்பென்று கடந்துபோனதை ஒருவர் நின்று பார்த்தார், கேட்டார், எழுதிவைத்தார், எண்ணினார். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முதியவரோடு நாள்தோறும் பேசுங்கள். அவர் பேச்சிலும் பழக்கத்திலும் சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் மாறுதல் தெரிந்தால், கேலி செய்யாமல், மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணைநில்லுங்கள். ‘வயதாகிவிட்டது’ என்று யாரேனும் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். பார்த்தபின் சொல்லட்டும், பாராமல் சொல்ல விடாதீர்கள்.